ᐍ – மேற்குக் க்ரீயின் ‘வே’ எழுத்தும் யூனிகோடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

க்ரீ மொழிப் பாடப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. அதைப் பற்றிப் பேச்சு வந்தால், தமிழ்க் கணிமையில் இருக்கும் நண்பர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவை சுற்றிச் சுற்றி ஒரே எழுத்தில் வந்து நிற்கும்: ᐍ. அந்த ஓர் எழுத்தை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் இதைத் தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

இது எழுத்தா? முக்கோணமும் புள்ளியுமாக ஏதோ குறியீடு மாதிரி தெரிகிறதே?

எழுத்தேதான். கனடாவில் 80,000 பேருக்கு மேல் பேசும் பூர்வகுடி மொழி க்ரீ. அதை எழுதும் அசையெழுத்து முறையில் இந்த எழுத்துக்கு ‘வே’ என்று ஒலி. வகரத்தை உதடு குவித்துச் சொல்ல வேண்டும்.

இந்த முறையில் வடிவம் மெய்யைச் சொல்லும், அது பார்க்கும் திசை உயிரைச் சொல்லும். கீழ்நோக்கிய முக்கோணம் ᐁ என்றால் ‘ஏ’. அதையே மேல்நோக்கி வைத்தால் ᐃ, ‘இ’. வலம் பார்த்தால் ᐅ, ‘ஒ’. இடம் பார்த்தால் ᐊ, ‘அ’. நகர வரிசைக்கு வேறு வடிவம், ஆனால் அதே விளையாட்டு: ᓀ நே, ᓂ நி, ᓄ நொ, ᓇ ந. நெடிலாக்க மேலே ஒரு புள்ளி வைப்பார்கள்: ᐃ இ, ᐄ ஈ. க்ரீயில் ‘ஏ’ எப்போதும் நெடில்தான், குறில் ‘எ’ கிடையாது. அதனால் ᐁ-க்கு மேல்புள்ளி தேவைப்படுவதில்லை. ᐍ-இல் பக்கவாட்டில் இருக்கும் புள்ளி வேறு, அது வகரம்.

இதை யார் உருவாக்கினார்கள்?

அச்சு வரலாற்றில் பதிவாகியிருப்பது ஜேம்ஸ் எவன்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியாரின் பெயர். 1840-இல் வின்னிபெக் ஏரியின் வடக்கே நார்வே ஹவுஸில் இருந்தபடி இந்த எழுத்துகளை அச்சுக்குக் கொண்டுவந்தார். தேயிலைப் பெட்டிகளின் உள்ளே ஒட்டியிருந்த ஈயத் தகட்டை உருக்கி அச்சு வார்த்தார், புகைக்கரியில் மை செய்தார் என்று சொல்வார்கள். தேவநாகரியும் பிட்மன் சுருக்கெழுத்தும் அவருக்குத் தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

க்ரீ மக்களின் வாய்மொழி மரபு வேறு கதை சொல்கிறது. மிஸ்தானாஸ்கோவேவ் என்ற பெரியவர் இறந்து, ஆவியுலகம் சென்று, அங்கே இந்த எழுத்துகளைப் பெற்றுக்கொண்டு உயிருடன் திரும்பினார் என்பது அது. நான் வேலை செய்த புத்தகங்களில் இரண்டையும் சேர்த்தே போட்டோம். எழுத்து எப்படி வந்தது என்பதை அந்த எழுத்தில் வாழ்கிறவர்கள் சொல்வதற்கும் இடம் தர வேண்டும் என்பதே என் எண்ணமும்.

வகரத்துக்குப் புள்ளி என்கிறீர்கள். நான் பார்த்த சொல்லில் கடைசியில் குட்டி வட்டம் அல்லவா இருந்தது?

இரண்டும் வகரம்தான், இருக்கும் இடம் வேறு. ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ᓀᐦᐃᔭᐤ, ‘நேஹியவ்’, க்ரீ மனிதர். கடைசியில் வகரம் மெய்யாக நிற்கிறது, பின்னால் உயிர் இல்லை. அதற்கு வட்டம், ᐤ.

இதை வினைச்சொல்லாக்கினால் ᓀᐦᐃᔭᐍᐤ, ‘நேஹியவேவ்’, க்ரீ பேசுகிறார். முன்பு கடைசியில் இருந்த வகரம் இப்போது ‘ஏ’யோடு சேர்ந்து ‘வே’ ஆகிவிட்டது. அதனால் அந்த வட்டம் மறைந்து, ᐁ-யின் பக்கத்தில் புள்ளியாக வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியில் தெரிவது புதிதாக வந்த இன்னொரு வகரத்தின் வட்டம். மொழியின் பெயர் ᓀᐦᐃᔭᐍᐏᐣ, ‘நேஹியவேவின்’. இதில் ᐍ-க்குப் பக்கத்திலேயே ᐏ, ‘வி’யும் இருக்கிறது. எந்த எழுத்துருவைச் சோதித்தாலும் முதலில் இந்தச் சொல்லைத்தான் தட்டிப் பார்ப்பேன்.

‘வே’யில் வகரம்தானே முதலில் ஒலிக்கிறது? புள்ளி ஏன் முக்கோணத்துக்குப் பின்னால் இருக்கிறது?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. நம் ‘வே’யில் ஏகாரக் கொம்பு வகரத்துக்கு இடப்பக்கம் இருக்கிறது, ஆனால் ஒலிப்பது வகரத்துக்குப் பிறகு. கண் பார்க்கும் வரிசையும் காது கேட்கும் வரிசையும் நமக்கும் மாறித்தான் இருக்கின்றன. மேற்குக் க்ரீயில் அதே புரட்டல் வலப்பக்கம் நடக்கிறது. உயிரை எழுதிவிட்டு, அப்புறம் வகரப் புள்ளி.

கிழக்கே, ஜேம்ஸ் வளைகுடாப் பக்கமும் கியூபெக்கிலும், புள்ளியை இடப்பக்கம் வைப்பது வழக்கம்: ᐌ. அங்கே பார்க்கும் வரிசையும் ஒலிக்கும் வரிசையும் ஒன்றாக இருக்கும். ஏறத்தாழ மனிடோபாவும் அதற்கு மேற்கும் ஒரு பழக்கம், ஒன்டாரியோவும் அதற்குக் கிழக்கும் ஒரு பழக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, கணினியில் இதற்கு என்ன எண்?

உலக எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கோர் எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் ᐍ-இன் குறியெண் 5133. பதினாறடிமான முறையில் எழுதினால் 140டி. அதிகாரப்பூர்வப் பெயர் ‘கனேடியன் சிலாபிக்ஸ் வெஸ்ட்-க்ரீ வே’. வலைப்பக்கத்தில் ᐍ என்று எழுதினால் இந்த எழுத்து வரும். அந்த எண்ணைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படும்: 225, 144, 141.

5120 முதல் 5759 வரையிலான 640 இடங்கள் கொண்ட தொகுதியில் இது இருக்கிறது. 1999-இல் வெளியான யூனிகோடு 3.0-இல் அந்தத் தொகுதி சேர்ந்தது. க்ரீ மட்டுமல்ல, ஒஜிப்வே, இனுக்டிடுட், நாஸ்காபி, கேரியர், பிளாக்ஃபுட் என்று பல மொழிகளின் அசையெழுத்துகளை ஒன்றாக வைத்திருக்கிறார்கள். போதாமல் 2009-இல் ஒரு கூடுதல் தொகுதியும் 2021-இல் இன்னொன்றும் வந்தன.

அப்படியானால் ᐌ என்று நான் பார்த்தது எழுத்துப்பிழை இல்லையா?

இல்லை. அது கிழக்கு வடிவம், குறியெண் 5132. இரண்டும் அடுத்தடுத்த வீடுகள். யூனிகோடு கிழக்கு வடிவத்துக்கு வெறும் ‘வே’ என்றும் மேற்கு வடிவத்துக்கு ‘வெஸ்ட்-க்ரீ வே’ என்றும் பெயர் வைத்திருக்கிறது. ‘க்வே’க்கும் இப்படியே இரண்டு: ᑴ கிழக்கு, ᑵ மேற்கு. வகரப் புள்ளி வரும் எழுத்துகள் பெரும்பாலும் இப்படி இரட்டை இரட்டையாகத்தான் இருக்கின்றன.

ஒரே எண் கொடுத்துவிட்டு, புள்ளியை எந்தப் பக்கம் வைப்பது என்று ஃபான்ட் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாமே?

விட்டிருக்கலாம், ஆனால் அப்போது வெறும் உரையில் வித்தியாசம் தொலைந்துபோகும். மேற்குக்காரர் எழுதி அனுப்பிய மின்னஞ்சல் கிழக்கு எழுத்துரு உள்ள கணினியில் புள்ளி மாறித் தெரியும். பள்ளிக்கூடத்தில் புள்ளி வலப்பக்கம் என்று படித்த பிள்ளைக்கு அது பிழையாகவே படும். இரண்டு வழக்கத்தையும் ஒப்பிட்டு ஒரே வரியில் எழுதவும் முடியாது. இரண்டு எண் கொடுத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அதற்கான விலையைத் தேடலில் கொடுக்கிறோம், கீழே வருகிறேன்.

தமிழுக்கும் இப்படி ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். தமிழில் ‘வே’ என்பது இரண்டு குறியெண்கள்: வகரம் 2997, ஏகாரக் குறி 3015. ஆறு பைட்டுகள். ᐍ ஒரே எண், மூன்று பைட்டுகள். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ்-16 குறியாக்கம், இதே எண்ணத்தில் எல்லாத் தமிழ் எழுத்துகளுக்கும் தனியிடம் கொடுத்தது. ஆனால் அவை யூனிகோடின் தனிப்பயன் பகுதியில், அதாவது பொதுப் பொருள் எதுவும் வைக்காமல் அவரவர் பயன்பாட்டுக்கு விட்ட இடத்தில், இருக்கின்றன. தமிழ் 1991-இலேயே, இந்திய மொழிகளுக்கான பழைய குறியாக்கத் தரமான இஸ்கி முறையைப் பின்பற்றி யூனிகோடுக்குள் போய்விட்டது. க்ரீக்கு அப்படிப் பின்பற்ற வேண்டிய பழைய தரம் இருக்கவில்லை.

ஆனால் தனி எண் கிடைத்தால் எல்லாச் சிக்கலும் தீரும் என்று நம்புகிறவர்கள் அடுத்த கேள்வியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

நான் ᐁ தட்டி, அப்புறம் புள்ளி தட்டினேன். பார்க்க ᐍ மாதிரியேதான் இருக்கிறது. அது போதாதா?

கண்ணுக்குப் போதும், கணினிக்குப் போதாது. வகரப் புள்ளி ᐧ தனியாகவும் யூனிகோடில் இருக்கிறது, குறியெண் 5159. ᐁ-யின் எண் 5121. நீங்கள் தட்டியது 5121, 5159 என்ற இரண்டு எழுத்துகள். ᐍ என்பது 5133 என்ற ஓர் எழுத்து. திரையில் இரட்டைப் பிள்ளைகள், உள்ளே உறவே இல்லை.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு புத்தகத்துக்கான சொற்பட்டியலை இரண்டு பேர் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள். ᓀᐦᐃᔭᐍᐏᐣ என்ற சொல் என் கண் முன்னால் பக்கத்தில் இருக்கிறது, தேடினால் ‘இல்லை’ என்று வருகிறது. எழுத்துருவை மாற்றினேன், கோப்பை மறுபடி சேமித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் எழுத்து எழுத்தாக எண்ணிப் பார்த்தேன். ஒருவர் அனுப்பியதில் 7 குறியெண்கள், 21 பைட்டுகள். மற்றவர் அனுப்பியதில் 9 குறியெண்கள், 27 பைட்டுகள். ᐍ, ᐏ இரண்டையும் அவர் முக்கோணம் ஒன்று, புள்ளி ஒன்று எனப் பிரித்துத் தட்டியிருந்தார்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. ᐧ கிடைக்காதவர்கள் சாதாரண நடுப்புள்ளியை, குறியெண் 183, போட்டுவிடுவார்கள். கிழக்கு வடிவத்தையும் சேர்த்தால் ஒரே ‘வே’க்கு நான்கு எழுத்துக்கூட்டல் ஆகிவிட்டது.

ஒரே எழுத்தின் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களை ஒன்றாக்கும் நார்மலைசேஷன் யூனிகோடில் இருக்கிறதே, அதை ஓட்டினால் எல்லாம் ஒன்றாகிவிடாதா?

ஆகாது. தமிழில் ‘கொ’வை எழுத, ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒன்றாகவும் போடலாம், எகரக் குறி, கால் என்று பிரித்தும் போடலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு தரவிலேயே எழுதியிருப்பதால் நார்மலைசேஷன் அவற்றை ஒன்றாக்கிவிடும். ᐍ-க்கு அப்படி எந்தப் பிரிப்பும் எழுதப்படவில்லை. எந்த வகை நார்மலைசேஷன் ஓட்டினாலும் 5133 அப்படியே இருக்கும், 5121-உம் 5159-உம் அப்படியே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. தமிழின் ஏகாரக் குறி முந்தைய எழுத்தோடு ஒட்டும் குறி. க்ரீயின் ᐧ ஒட்டுக்குறி அல்ல, தனி எழுத்தாகவே வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. அதனால் ᐁᐧ-க்கு நடுவில் கர்சர் நிற்கும். பேக்ஸ்பேஸ் அழுத்தினால் புள்ளி மட்டும் போய் ‘ஏ’ மிஞ்சும். ᐍ-இல் அழுத்தினால் எழுத்து முழுவதும் போகும். கையில் இருப்பது எந்த வகை என்று கண்டுபிடிக்க நான் பயன்படுத்தும் வேகமான வழி இந்த பேக்ஸ்பேஸ்தான்.

அந்தப் பிரிப்பை இப்போது சேர்த்துவிடச் சொல்லிக் கேட்டால் என்ன?

சேர்க்க மாட்டார்கள். ஏற்கெனவே இருக்கும் எழுத்தின் நார்மலைசேஷனை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் நிலைத்தன்மை விதி. இன்று ஒரு மாற்றம் வந்தால், நேற்று சேமித்த கோப்புகளும் தேடல் அட்டவணைகளும் பொருந்தாமல் போய்விடும். எழுத்தின் பெயரும் அதே மாதிரிதான், ஒருமுறை வைத்தால் வைத்ததுதான்.

பெயரில் ‘வெஸ்ட்-க்ரீ’ என்று இருக்கிறதே, வேறு மொழிக்குப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. பெயர் ஓர் அடையாளச் சீட்டு, அவ்வளவுதான். வலப்புள்ளி வைத்து எழுதும் எந்த மொழிக்கும் இதே எண்தான்.

அதே நேரம், எல்லாக் க்ரீயிலும் இந்த எழுத்து வரும் என்றும் சொல்ல முடியாது. வட கிழக்குக் க்ரீயில் ‘ஏ’ ஒலியே ‘ஆ’வோடு கலந்துவிட்டது. அங்கே முக்கோணத்தைக் கீழ்நோக்கி வைக்கவே வேலை வருவதில்லை.

தட்டச்சு எப்படிச் செய்வது?

கணினியில் கீமேன் மென்பொருளுக்கான க்ரீ விசைப்பலகைகள் இருக்கின்றன. ரோமன் முறையில் டபிள்யூ, ஈ என்று தட்டினால் ᐍ வந்துவிடும். தமிழில் ஒலிபெயர்ப்பு முறையில் தட்டிப் பழகியவர்களுக்கு உடனே கைவரும். கைப்பேசிக்கு ஃபர்ஸ்ட்வாய்சஸ் கீபோர்ட்ஸ் செயலி. எதுவானாலும், ‘வே’ தட்டிவிட்டு ஒரு பேக்ஸ்பேஸ் போட்டுப் பாருங்கள். முன்பு சொன்ன மாதிரி புள்ளி மட்டும் அழிந்தால் அந்த விசைப்பலகையை வேண்டாம் என்பேன்.

எனக்கு எழுத்து தெரியவில்லை, பெட்டி பெட்டியாக வருகிறது.

எழுத்துரு இல்லை என்று அர்த்தம். விண்டோஸில் விஸ்டாவிலிருந்து யூஃபீமியா, பிறகு கடூகி. ஆப்பிள் கணினிகளில் யூஃபீமியா யூகாஸ். எங்கும் இலவசமாகக் கிடைப்பது நோட்டோ சான்ஸ் கனேடியன் அபாரிஜினல். பெரும்பாலும் இதில் ஒன்றே போதும்.

பெட்டிக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் கலைந்து வந்தால் அது வேறு நோய். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் க்ரீ வடிவங்களை வைத்திருந்தன. பாமினியில் எழுதிய தமிழ், பாமினி இல்லாத கணினியில் எப்படித் தெரியுமோ அப்படித்தான் இதுவும். எழுத்துரு தேடிப் பயனில்லை, உரையையே மாற்ற வேண்டும்.

டேட்டாபேஸில் வைக்கும்போது கவனிக்க வேண்டியது எதுவும் உண்டா?

ᐍ மூன்று பைட்டுகளில் அடங்குவதால் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் பழைய மூன்று பைட் யூடிஎஃப்-8இலும் உட்கார்ந்துவிடும். ஆனால் 2021-இல் சேர்ந்த தொகுதி 72368-இல் தொடங்குகிறது. அதிலுள்ள எழுத்துகளுக்கு நான்கு பைட்டுகள் வேண்டும், பழைய அமைப்பில் சேராது. ஆரம்பத்திலேயே நான்கு பைட் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

ஹைபன் போட்டால் எழுத்தாகிவிடுகிறது என்கிறார்கள், உண்மையா?

குழப்பம் வரும் என்பது உண்மை. ᐨ என்ற சின்னப் படுக்கைக் கோடு மேற்குக் க்ரீயில் ஒரு மெய்யெழுத்து. சாதாரண ஹைபனும் கிட்டத்தட்ட அப்படியே தெரியும். அதனால்தான் அசையெழுத்துக்கென்று இரட்டைக் கோட்டு ஹைபன் ஒன்று, ᐀, தொகுதியின் முதல் இடமான 5120-இல் 2009-இல் சேர்க்கப்பட்டது. முற்றுப்புள்ளிக்கும் தனி உரு, ᙮. நம் புள்ளியைப் போட்டால் வகரப் புள்ளியோடு குழம்பும்.

கடைசியாக, தேடல் வேலை செய்ய நான் என்னதான் செய்ய வேண்டும்? எல்லாவற்றையும் ᐍ ஆக மாற்றிவிடலாமா?

இரண்டு விஷயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். மேற்குக் க்ரீ உரையில் 5121, 5159 என்றும் 5121, 183 என்றும் வந்திருப்பவை தட்டச்சு விபத்துகள். அவற்றை 5133 ஆக மாற்றிச் சேமிக்கலாம், எழுதியவர் நினைத்ததும் அதுதான். ᐃᐧ போன்றவற்றுக்கும் மெய்யோடு வரும் ᑫᐧ போன்றவற்றுக்கும் இதே மாதிரி ஒரு மாற்றுப் பட்டியல் வேண்டும். ᐍ-ஐ மட்டும் சரிசெய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்து நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ᐏ பிரிந்தே கிடந்தது, அதே சொல் மறுபடி கிடைக்கவில்லை. கிழக்கு உரையாக இருந்தால் புள்ளி முன்னால் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். ᐁᐧᐃ என்று வந்தால், அந்தப் புள்ளி முந்தியதோடு சேருமா பிந்தியதோடு சேருமா என்பது உரை எந்த ஊருடையது என்று தெரிந்தால்தான் தெரியும்.

ᐌ-ஐ மட்டும் சேமித்த உரையில் தொடாதீர்கள். அது இன்னொரு சமூகத்தின் எழுத்து வழக்கம், பிழையல்ல. தேடலுக்கான அட்டவணையில் வேண்டுமானால் இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். யார் எந்த வடிவத்தில் தேடினாலும் கிடைக்கட்டும், கிடைத்ததை எழுதியவர் எழுதிய வடிவத்திலேயே காட்டட்டும். அல்பர்ட்டா பல்கலைக்கழக மொழித் தொழில்நுட்பக் கூடத்தின் ‘இத்வேவினா’ என்ற இணைய அகராதியில் ரோமனில் தட்டினாலும் அசையெழுத்தில் தட்டினாலும் சொல் கிடைக்கும்.

முடித்ததும் ᓀᐦᐃᔭᐍᐏᐣ என்ற சொல்லைச் சேர்த்து ஒருமுறை, பிரித்து ஒருமுறை, நடுப்புள்ளி போட்டு ஒருமுறை, கிழக்குப் புள்ளியோடு ஒருமுறை தேடிப் பாருங்கள். நான்கு முறையும் ஒரே பக்கம் வர வேண்டும்.